குட்டு

பத்தாம் வகுப்பு தொடங்கிய அன்று அக்காவும் தங்கையும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனார்கள். அதில் புதிதாக ஒன்றும் இல்லை. சின்னவள் ஆறாவது சேர்ந்ததிலிருந்து பெரியவள்தான் மிதிப்பாள். சின்னவள் இரண்டு பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருப்பாள். இந்தத் தடவை இருவரும் ஒரே வகுப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. அதுதான் புதிது.

பெரியவள் போன வருடம் அறிவியலில் தேறவில்லை. மறுதேர்வு எழுதினாள், அதிலும் தேறவில்லை. "வீட்ல உக்காந்துட்டா அப்படியே நின்னுடுவா. ஒரு வருஷம் திரும்ப வந்து க்ளாஸ்ல உக்காரட்டும்" என்று தலைமையாசிரியை அம்மாவிடம் சொல்லிவிட்டார். அம்மா சரி என்றாள். பெரியவளும் சரி என்றாள். அந்தக் கோடை முழுவதும் அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாசல் கேட்டுக்குள் சைக்கிளைத் தள்ளும்போது சின்னவள் கேட்டாள். "க்ளாஸ்ல உன்னை அக்கான்னு கூப்பிடவா, வேண்டாமா?"

"எப்படியோ கூப்பிடு."

"உனக்கு ஒரு மாதிரி இருக்காதா?"

"இல்லையே."

அது பொய் இல்லை. அவளுக்கு ஒரு மாதிரியும் இல்லை. தேர்வு மண்டபத்தில் பாதி விடைத்தாள் எழுதியபோது கை நின்றதே, அன்றிலிருந்து இப்படித்தான். கேள்வி புரிந்தது. பதில்கூடப் பாதி நினைவிருந்தது. பேனாவைப் பிடித்திருந்த கை மட்டும் யாருடைய கையோ போல மேசைமேல் கிடந்தது. மணியடிக்கும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரிசல்ட் வந்த அன்று அப்பா வயலிலிருந்து முதலாளியின் டிராக்டரைக் கொண்டுவந்து நிறுத்தி, கைகால் கழுவி, "சரி விடு, வெயில்ல நிக்காத, உள்ள போ" என்றார். அவ்வளவுதான். அம்மா தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைப்பவள், நாள் முழுக்க மெஷின் சத்தத்தில் இருந்து வீட்டிலும் கத்தியே பேசிப் பழகியவள். அவளும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை.

பள்ளிக்கூடம் மூன்று நீளக் கட்டிடங்கள். நடுவில் புல் முளைக்காத மைதானம், ஓரத்தில் எப்போதும் சொட்டும் குழாய். மணி கரண்டில் அடிக்கும். கரண்ட் பாதி நேரம் இருக்காது என்பதால் விளையாட்டு ஆசிரியர் விசில் ஊதுவார். அவர் கழுத்தில் விசில் மாட்டியிருப்பதற்கு அது ஒன்றுதான் காரணம். விளையாட்டுப் பீரியடை எல்லாம் கணக்கு டீச்சர் எடுத்துக்கொண்டுவிடுவார்.

உயரமாக இருந்ததால் பெரியவளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் இருந்தவளுக்கு எல்லோரும் வைத்த பெயர் ரேடியோ. அவள் வாயை மூடி யாரும் பார்த்ததில்லை.

"அக்கா, உங்களுக்கு எல்லாப் பாடமும் ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும் இல்ல? பார்த்த படத்தையே திரும்பப் பார்க்கற மாதிரி" என்றாள் ரேடியோ.

"ம்."

"யாரு சாவாங்கன்னு முன்னாடியே தெரியும்."

"ம்."

ரேடியோவுக்கு அது போதும். பதில் வேண்டும் என்று அவள் எதிர்பார்ப்பதில்லை. பெரியவளுக்கு அதனாலேயே அந்த பெஞ்ச் பிடித்துப்போனது, அல்லது பிடிக்காமல் போகவில்லை. வகுப்பில் நாற்பது பேரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அதனால் சின்னவள் கூப்பிட்டதும் கூட்டத்தோடு கூட்டமாகப் போயிற்று.

ஆசிரியர்கள் அவளைக் கேள்வி கேட்பதில்லை. கணக்கு டீச்சர் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வருவார். அவள் முறை வரும்போது கரும்பலகையில் எதையோ அழிக்கத் திரும்பிவிட்டு அடுத்தவளைக் கேட்பார். மொழிப்பாட ஆசிரியர், "நீ ஏற்கெனவே படிச்சதுதானேம்மா, உக்காரு" என்பார். அவளும் உட்காருவாள். ஜன்னலுக்கு வெளியே சைக்கிள்கள் சாய்ந்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பார்க்கிறாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. கண் அந்தப் பக்கம் இருந்தது.

விதிவிலக்கு அறிவியல் ஆசிரியர் ஒருவர்தான். அவருக்கு கரண்ட் சார் என்று பெயர். மின்சாரப் பாடம் நன்றாக நடத்துவார் என்பதால் வந்த பெயரா, அவர் கை பட்டால் சுரீர் என்று இருக்கும் என்பதால் வந்ததா, யாருக்கும் தெரியாது. அவர் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. கேள்வி கேட்பார். தெரியாதவர்கள் எழுந்து நிற்க வேண்டும். யார் சரியாகச் சொல்கிறார்களோ, அவர்கள் எழுந்து போய் நிற்கிற எல்லோர் தலையிலும் நறுக்கென்று ஒரு குட்டு வைக்க வேண்டும்.

"நான் அடிச்சா கம்ப்ளைன்ட் பண்ணுவீங்க. உங்களுக்குள்ள அடிச்சுக்குங்க" என்பார்.

அவர் பெரியவளை மற்றவர்களைப் போலவே கேட்டார். அவள் மற்றவர்களைப் போலவே நின்றாள், மற்றவர்களைவிட அதிகமாகவே நின்றாள். குட்ட வரும் பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருக்கும். "அக்கா, சாரிக்கா" என்று முணுமுணுத்துவிட்டு விரலை முடிமேல் வைத்துவிட்டுப் போவார்கள். அவளுக்கு வலிக்காது. பக்கத்து வீட்டுக் கதவை யாரோ தட்டுகிற மாதிரி இருக்கும்.

மழைக்காலம் தொடங்கி, எல்லோரும் காலில் சேற்றோடு வந்து உட்கார்ந்திருந்த ஒரு நாள், கரண்ட் சார் கேட்டார்.

"ஒரு கடத்தியோட மின்தடை எதையெல்லாம் சார்ந்தது?"

முன் வரிசையில் இருவர் நின்றார்கள். நடு வரிசையில் ஒரு பையன் "கரண்ட் பில்லைச் சார்ந்தது சார்" என்று சொல்லி, சிரிப்போடு நின்றான். கடைசி பெஞ்சில் ரேடியோவும் பெரியவளும் நின்றார்கள். கேள்வி சின்னவளிடம் வந்தது.

"நீளம், குறுக்குவெட்டுப் பரப்பு, பொருளோட தன்மை, வெப்பநிலை" என்றாள் சின்னவள், மூச்சு விடாமல்.

"சபாஷ். போ, வேலையைப் பாரு."

சின்னவள் முன் வரிசையில் இருவரையும் குட்டினாள். பையனைக் கொஞ்சம் ஓங்கியே குட்டினாள். அவன் "ஐயோ" என்று நடித்தான். ரேடியோவைக் குட்டினாள். அக்கா முன்னால் வந்து நின்றாள். கை பாதி தூரம் எழும்பி நின்றுவிட்டது.

"என்ன?" என்றார் கரண்ட் சார்.

"சார், இவ எங்கக்கா."

"வீட்ல அக்கா. இங்க தெரியாதவ. ம்."

சின்னவள் எட்டித் தொட வேண்டியிருந்தது. அக்கா தலையைக் குனிந்து கொடுத்தாள். விரல் தலையில் பட்டதும் படாததுமாக வந்து போனது.

"சத்தமே கேக்கலையே. ஈ ஓட்றியா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சின்னவள் மறுபடி குட்டினாள். இந்தத் தடவை கடைசி பெஞ்ச் வரை கேட்டது. பெரியவளுக்கு மிக அருகில் தங்கையின் மணிக்கட்டு தெரிந்தது. அதில் காலையில் குளித்த சோப்பின் வாசனை இருந்தது. இருவருக்கும் அதே சோப்புதான். அவளுக்கு மனதில் பதிந்தது அவ்வளவுதான்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் சின்னவள் பையைத் தூக்கி மூலையில் எறிந்தாள்.

"எனக்கு வலிக்கல" என்றாள் பெரியவள்.

"நான் கேட்டேனா?"

"இல்ல. சொன்னேன்."

"வலிச்சதுன்னு சொல்லித் தொலையேன்!" என்று கத்திவிட்டுச் சின்னவள் கொல்லைப்புறம் போய்விட்டாள். பெரியவள் அந்தப் பையை எடுத்து ஆணியில் மாட்டினாள்.

மறுநாளிலிருந்து சின்னவளுக்கு அறிவியல் மறந்துபோனது.

கிட்டப்பார்வைக்கு எந்த லென்ஸ் என்றார் சார். சின்னவள் எழுந்து நின்றாள். இதயத்தில் எத்தனை அறை என்றார். அது ஆறாவது படிக்கும் பிள்ளைக்கே தெரியும். சின்னவள் எழுந்து நின்றாள். வேறு யாராவது சொல்வார்கள், வந்து குட்டுவார்கள். வகுப்பில் முதல் மாணவியைக் குட்டக் கிடைத்த சந்தோஷத்தில் பையன்கள் தாராளமாகவே வைத்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டாள்.

"உங்க தங்கச்சிக்கு என்னாச்சு? இப்படித் திடீர்னு மக்கா ஆயிட்டா?" என்றாள் ரேடியோ. "யாராவது கண்ணு வச்சுட்டாங்களா?"

"தெரியல."

ஆனால் பெரியவளுக்குத் தெரியும். தினமும் காலையில் துணி துவைக்கும் கல்மேல் உட்கார்ந்து, பல் தேய்த்தபடியே சின்னவள் பாடம் சொல்வதை அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கிட்டப்பார்வைக்குக் குழிலென்ஸ், தூரப்பார்வைக்குக் குவிலென்ஸ். நுரையோடு சொன்னாலும் தப்பில்லாமல் சொல்வாள். அதே வாய் இரண்டு மணி நேரம் கழித்து வகுப்பில் "தெரியாது சார்" என்று சொல்லும். ஏன் என்றும் பெரியவளுக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு ஏதாவது செய்ய வேண்டும் என்றும் தெரியும். ஆனால் செய்ய வேண்டும் என்ற எண்ணத்துக்கும் எழுந்து செய்வதற்கும் நடுவில் ஒரு பெரிய மைதானம் இருந்தது. அதைக் கடக்க அவளுக்குத் தெம்பில்லை.

ஒரு மாதம் போல இது நடந்தது. பிறகு கரண்ட் சார் அம்மாவை வரச் சொல்லி அனுப்பினார்.

அம்மா மத்தியானம் கம்பெனியில் சொல்லிவிட்டு வந்தாள். புடவையில் நூல் பிசிறு அங்கங்கே ஒட்டியிருந்தது. ஆசிரியர்கள் அறையில் ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது. அதில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெண்கள் இருவரும் கதவோரம் நின்றார்கள்.

"சின்னவளை நினைச்சாத்தான் கவலையா இருக்குங்க" என்றார் கரண்ட் சார். "மாவட்டத்துலயே பேர் எடுக்க வேண்டிய பொண்ணு. இப்ப இதயத்துக்கு எத்தனை அறைன்னு கேட்டா முழிக்கறா. வீட்ல ஏதாவது பிரச்சனையா?"

"வீட்ல ஒண்ணும் இல்லைங்களே. புஸ்தகமும் கையுமாத்தான் இருக்கா."

"அப்ப கவனம் வேற எங்கயோ இருக்கு. பெரியவ விஷயம் வேற. அவகிட்ட நாங்க ரொம்ப எதிர்பார்க்கல. எப்படியாவது தேறிட்டாப் போதும். ஆனா இவ இப்படி ஆனா எப்படி?"

அம்மா பெரியவளைப் பார்க்காமல் இருக்க முயன்றது தெரிந்தது. பெரியவள் சாரின் மேசைமேல் இருந்த காந்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு குண்டூசி ஒட்டிக்கொண்டிருந்தது. ரொம்ப எதிர்பார்க்கவில்லை என்று அவர் சொன்னது காதில் விழுந்தது, உள்ளே எங்கும் விழவில்லை. பக்கத்தில் சின்னவள் மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. அவள் ஏதோ சொல்லப் போகிறாள், அழப் போகிறாள் என்று தோன்றியது.

"அவளுக்கு எல்லாம் தெரியும் சார்" என்றாள் பெரியவள்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அந்த அறையில் அவள் குரல் கேட்டே பல மாதம் ஆகியிருக்கும்.

"பதில் சொன்னா என்னைக் குட்டணும். அதுக்காகத் தெரியாதுங்கறா."

சின்னவள் அக்காவின் கையைக் கிள்ளினாள். அம்மா நாற்காலியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"என்னது, குட்டறதா?"

கரண்ட் சார் தன் சட்டத்தை விளக்கினார். பாதியிலேயே அவருக்கே அது அவ்வளவு நன்றாகத் தோன்றவில்லை போலிருந்தது. "சும்மா ஒரு உற்சாகத்துக்குத்தாங்க" என்று முடித்தார்.

"நல்ல உற்சாகம் சார்" என்றாள் அம்மா. குரல் இன்னும் தாழ்வாகத்தான் இருந்தது. "வீட்ல ஒரு சீப்புக்கு அடிச்சுக்குவாளுங்க. அதை நான் நிறுத்தறதுக்குள்ள எனக்கு உசிரு போகும். நீங்க இங்க க்ளாஸ் வச்சு நடத்தறீங்க."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, பார்க்கறேன்" என்றார். பிறகு பெரியவளிடம், "நீயும் கொஞ்சம் படிச்சுட்டு வந்தா இந்தப் பிரச்சனையே இல்ல, பாரு" என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

வீட்டுக்கு மூவரும் நடந்தார்கள். பெரியவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கேட்டைத் தாண்டியதுமே அம்மாவுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது. எல்லாம் சின்னவளுக்குத்தான்.

"அறிவிருக்காடி உனக்கு? தெரிஞ்சுக்கிட்டே தெரியாதுங்கறியே, பரீட்சைல அந்த வாயே வந்து நின்னா என்ன பண்ணுவ? உங்கப்பா சேத்துல கிடந்து டிராக்டர் ஓட்டறாரு, நான் காலர் தைச்சுத் தைச்சு கழுத்தே திரும்பாம இருக்கேன், நீ இங்க தியாகம் பண்றியா தியாகம்?"

சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டே நடந்தாள். அம்மா நிறுத்தவில்லை. ஆலை மதில் முடிந்து, கரும்பு வயல் தொடங்கும் இடம் வரை திட்டிக்கொண்டே வந்தாள்.

"என்னையும் திட்டும்மா" என்றாள் பெரியவள்.

அம்மா நின்றாள்.

"தப்பு என்மேலதானே. நான் படிச்சிருந்தா அவ எதுக்குப் பொய் சொல்லப்போறா? அவளையே திட்டற. என்னை ஒண்ணும் சொல்ல மாட்டேங்கற. பெயிலானப்பக்கூட ஒண்ணும் சொல்லல."

"உன்னை என்னன்னு சொல்றது?" அம்மாவின் குரல் உடனே இறங்கிவிட்டது. வயலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "உங்கப்பாதான் சொன்னாரு. ஒரு வார்த்தை கேக்காத, புள்ள ஏதாவது பண்ணிக்கப்போகுதுன்னு. அன்னிக்கே ஷெட்டுல இருந்த பூச்சிமருந்து டப்பாவைத் தூக்கிட்டுப் போய் அவங்க முதலாளி வீட்ல வச்சுட்டு வந்தாரு. கிணத்துக்கு நீ போனா நான் பின்னாடியே வரல? தண்ணிக்கா வந்தேன்?"

அவள் பின்னாலேயே வந்தது பெரியவளுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் அம்மா கையில் ஒரு காலிக் குடம் இருந்தது. திரும்பும்போது பல தடவை அது காலியாகவேதான் இருந்தது.

"நான் ஒண்ணும் பண்ணிக்கற மாதிரி இல்லம்மா" என்றாள். "எனக்கு அப்படியெல்லாம் தோணல. எனக்கு எதுவுமே தோணல."

"அதுதான்டி எங்களுக்குப் பயம்."

ஒரு லாரி கடந்து போகும் வரை மூவரும் ஓரத்தில் நின்றார்கள். புழுதி அடங்கியது. சின்னவள் அழுகையை நிறுத்திவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். டப்பா விஷயம் அவளுக்கும் தெரியாது.

"நாளைக்கு நீ பதில் சொல்ற" என்றாள் பெரியவள் அவளிடம். "என்னைக் குட்டணும்னா குட்டு. நீ நிக்கறதைப் பார்க்கறதுக்கு இது மேல்."

"உனக்கு ஏதாவது தோணுதா, நான் நிக்கறதைப் பார்த்தா?"

பெரியவள் யோசித்தாள். பொய் சொல்ல வரவில்லை. "கொஞ்சம்" என்றாள். "நல்லா இல்லாத மாதிரி இருக்கும்."

கரண்ட் சார் சட்டத்தை எடுத்துவிட்டதாக அறிவிக்கவில்லை. அதை மறந்துவிட்டவர்போல் நடந்துகொண்டார். சில நாள் பழக்க தோஷத்தில், "ம், குட்டு" என்பார். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மா நினைவுக்கு வந்ததுபோல், "வேண்டாம், பதிலைப் போர்டுல எழுதட்டும்" என்பார். தெரியாதவர்கள் போய் எழுதினார்கள். பெரியவள் நிறைய எழுதினாள். அவள் உயரத்துக்குப் பலகையின் மேல் பகுதி எட்டும் என்பதால், கீழே குட்டையானவர்கள், மேலே அவள் என்று ஒரு ஒழுங்குகூட வந்துவிட்டது. சின்னவள் உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லுவாள், இவள் எழுதுவாள். சாக்பீஸ் தூள் முழங்கைவரை இறங்கும். மின்தடை, மின்னோட்டம், மின்னழுத்தம். ஆர்வம் ஒன்றும் பொத்துக்கொண்டு வந்துவிடவில்லை. கை ஓடியது, அவ்வளவுதான். இப்போது அது அவளுடைய கைதான் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

அம்மா அவளைத் திட்டப் பழகிக்கொண்டாள். முதலில் சரியாக வரவில்லை; விருந்தாளியைத் திட்டுவதுபோல் ஆரம்பித்து நடுவில் நிறுத்திவிடுவாள். அப்பாவோ கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. சில நாள் அவள் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டிருப்பது தெரியும்.

பொதுத்தேர்வில் அறிவியல் அன்று அவள் எல்லாக் கேள்விக்கும் ஏதோ எழுதினாள். நடுவில் ஒருமுறை கை நிற்கும்போல இருந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, விரல்களை மடக்கி நீட்டி, மறுபடி எடுத்தாள்.

ரிசல்ட் அன்று நல்ல மழை. தலைமையாசிரியை வராந்தாவில் நின்று வாசித்தார். சின்னவள் பள்ளியிலேயே முதல். பெரியவள் எல்லாவற்றிலும் தேறியிருந்தாள், அறிவியலில் விளிம்பில். கரண்ட் சார் சின்னவளின் முதுகில் தட்டினார். பெரியவளிடம் வந்து, ஏதோ சொல்ல நினைத்து, "பரவாயில்லையே" என்றார். ரேடியோவும் தேறியிருந்தாள், அதை அவளே எல்லோருக்கும் ஒலிபரப்பிக்கொண்டிருந்தாள்.

மழை விடட்டும் என்று அக்காவும் தங்கையும் எதிரே இருந்த பெட்டிக்கடையின் தகரத்துக்குக் கீழே ஒதுங்கினார்கள். தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"சந்தோஷமா இருக்கா?" என்று கத்தினாள் சின்னவள்.

பெரியவள் கொஞ்ச நேரம் தேடிப் பார்த்தாள். சந்தோஷம் என்று சொல்லும்படி எதுவும் அகப்படவில்லை. வருத்தமும் இல்லை.

"தெரியல" என்றாள். "பசிக்குது."

சின்னவள் கடைக்காரரிடம் இரண்டு பன் வாங்கினாள். பெரியவள் ஒன்றைத் தின்றாள். மழையைப் பார்த்துக்கொண்டே மற்றதையும் எடுத்து ஒரு கடி கடித்தாள்.

"ஏய், அது என்னுதுடி!" என்றாள் சின்னவள்.